வெயிலில் காயப்போட்ட பெல்லட்

நாங்கள் மெல்பர்னில் இருப்போமா, சிட்னிக்குப் போய்விடுவோமா என்பது அந்தக் குளிர்காலம் முழுக்க என் மனைவியின் கால்விரல்களைப் பொறுத்தே இருந்தது.

கல்யாணம் முடிந்து அவள் இங்கே வந்து இறங்கியது பிப்ரவரி வெயிலில். ஏர்போர்ட்டை விட்டு வெளியே வந்ததும், "என்னங்க, நம்ம சாத்தூர் மாதிரியே காயுது" என்று சந்தோஷப்பட்டாள். ஏப்ரலில் காலுறை போட ஆரம்பித்தாள். மே மாதம் காலுறைக்கு மேல் காலுறை. ஜூன் பிறந்ததும் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு முகம் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தாள்.

"இந்த ஊர்ல வெளிய விட வீட்டுக்குள்ளதாங்க ஜாஸ்தி குளிருது. நீங்க வேணா வெளிய போய் நின்னு பாருங்க."

நான் போய் நின்று பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். மேற்குப் புறநகரில் நாங்கள் வாடகைக்கு இருந்தது பழைய பலகை வீடு. ஜன்னலை மூடினாலும் திரைச்சீலை ஆடும்.

இந்தச் சமயத்தில்தான் அவளுடைய அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. எனக்கு மதினி. சிட்னியில் ஸ்ட்ராத்ஃபீல்டில் பல வருடமாக இருக்கிறார். அவர் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்தில் ஓர் இடம் காலியாகிறது, தங்கச்சியை எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள், வருகிறாளா என்று கேட்டார். என் மனைவி இங்கேயும் அந்த வேலைதான் செய்தாள். பக்கத்திலேயே காப்பகம், நடந்தே போய்வருவாள். அங்கேயும் அதே வேலை, அதே வயதுப் பிள்ளைகள், அதே மூக்கொழுகல். வித்தியாசம் குளிர் ஒன்றுதான்.

எனக்கு ட்ருகனினாவில் ஒரு பெரிய கிடங்கில் வேலை. பெட்டிகளை நகர்த்தும் பெல்ட்டுகள் நிற்காமல் ஓடப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோடையில்தான் நிரந்தரமாக்கியிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவர்கள். 'பெர்மனென்ட்' என்ற சொல்லை நான் போனில் சொன்னபோது அப்பா அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். சிட்னிக்கு வரமாட்டேன் என்று மனைவியிடம் நான் சொல்லவில்லை. அவள் வேண்டுமென்றால் போகத்தான் வேண்டும். ஆனால் அவளை இங்கே வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ள ஏதாவது வழி இருக்கிறதா என்று பார்க்காமல் எப்படிப் போவது?

வழி எங்கள் முன்னறையிலேயே இருந்தது. நான்கு மாதமாக அதன்மேல் பிளாஸ்டிக் பூந்தொட்டி வைத்திருந்தோம்.

கறுப்பு இரும்புப் பெட்டி. இடுப்பளவு உயரம், முன்பக்கம் கண்ணாடிக் கதவு. பின்னாலிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகிறது. இது என்ன என்று வீட்டுக்கார அன்ரியிடம் கேட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நெடுங்காலமாக இங்கே இருப்பவர். முன்வீட்டில் அவர் தனியாக இருக்கிறார், பின்வீட்டில் நாங்கள். நான் வந்த புதிதில் ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டேன். அவர் சொல்வதைக் கேட்டுக்கேட்டு எனக்கும் 'அன்ரி' ஆகிவிட்டது.

"உது எங்களுக்கு முதல் இருந்த வெள்ளைக்காரன் பூட்டின ஹீட்டர், தம்பி. உதுக்கு ஏதோ தீன் போடவேணும். நான் ஒருநாளும் தொடேல்லை. பூச்சாடி வைக்க நல்ல உயரம்."

பெட்டியின் பின்னால் பிளாஸ்டிக் உறைக்குள் அதன் விளக்கப் புத்தகம் கிடந்தது. நான் அதைக் கையில் எடுத்துவிட்டேன். எடுத்தால் முடிக்காமல் வைக்க எனக்கு வராது. மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே எங்கள் தெருவுக்கு வரும் எழுத்தெல்லாம் என்னிடம்தான் வரும். மாத்திரை அட்டை, ரேஷன் கடை அறிவிப்பு, கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் முதல் எழுத்திலிருந்து அச்சக விலாசம் வரைக்கும் உரக்கப் படிக்க வேண்டும். நடுவில் ஒரு வரியை விட்டால், "அதுல என்ன போட்டிருக்கு, அதையும் சொல்லு" என்பார்கள். அந்தப் பழக்கம்.

"கதைப் புத்தகம் மாதிரி படிக்கிறீங்க" என்றாள் மனைவி கம்பளிக்குள்ளிருந்து. "கடைசியில சேந்துருவாங்களா?"

"இது மரத்துல எரியிற ஹீட்டர்டா."

"மரம் எங்க இருக்கு? வெட்டப் போறீங்களா?"

வெட்ட வேண்டியதில்லை. மர ஆலையில் மிஞ்சும் தூளை இறுக்கி அழுத்திச் சின்னச் சின்னக் குச்சிகளாகச் செய்கிறார்கள். சுண்டுவிரல் கனம், விரல்கணு நீளம். இங்கே பெல்லட் என்பார்கள். பெட்டியின் மேலே உள்ள தொட்டியில் கொட்டிவிட்டால் போதும். உள்ளே ஒரு திருகு மெதுவாகச் சுழன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். குச்சிகள் கீழே உள்ள சின்னக் கிண்ணத்தில் விழுந்து எரியும். விசிறி சூட்டை அறைக்குள் தள்ளும், புகை குழாய் வழியாக வெளியே போய்விடும். பெரிய விறகடுப்பு இல்லை, வெட்டிப் பிளக்கும் வேலை இல்லை, சாம்பலும் கைப்பிடி அளவுதான். கரண்ட் மட்டும் வேண்டும்.

இதை அவளுக்கு விளக்கி முடித்தபோது அவள் தூங்கியிருந்தாள்.

குழாயைச் சுத்தம் செய்ய ஆள் வந்தார். குழாயின் வாயிலிருந்து ஒரு பறவைக்கூட்டை முழுதாக எடுத்து வெளியே வைத்தார், எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார், எரிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஊருக்கு வெளியே குதிரைத் தீவனம் விற்கும் கடைக்குப் போய் பெல்லட் மூட்டைகளை வாங்கி வந்து அன்ரியின் கார் நிறுத்தும் கூரைக்குக் கீழே அடுக்கினேன். மழை படாத இடம் அது ஒன்றுதான்.

முதல் மூட்டையைப் பிரித்ததும் மனைவி ஒரு குச்சியை எடுத்து முகர்ந்தாள். "மாட்டுத் தீவனம். எங்க மாமா வீட்டுல இதேதான் போடுவாங்க. ஏமாந்துட்டீங்க."

"தீவனக் கடையில வாங்கினா தீவனமா?"

"பின்ன?"

பொத்தானை அழுத்தினேன். விசிறி முனகியது. சில குச்சிகள் கிண்ணத்தில் விழுந்தன. அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே ஒரு கம்பி சூடாகித் தானே பற்றவைக்கும், சற்று நேரம் ஆகும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அவளிடம் அதைச் சொன்னேன்.

"தீப்பெட்டி வேணும்னா கேளுங்க. நம்ம ஊர்ச் சரக்கே ஒண்ணு பெட்டியில வச்சுக் கொண்டாந்தேன்."

அந்த நேரம் பார்த்து அப்பா வீடியோவில் வந்தார். போனை ஹீட்டர் பக்கம் திருப்பிக் காட்டினேன். மூன்று பேரும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மெல்லிசாக ஒரு புகை சுற்றியது. பிறகு சட்டென்று மஞ்சள் தீ எழுந்து நின்றது.

அப்பா போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார். "தீக்குச்சி கிழிக்கவே இல்லையேப்பா" என்றார்.

"வேணாம்ப்பா. அதுவே பத்திக்கிரும்."

"அப்ப எங்க பொழப்புல மண்ணா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அம்மாவைக் கூப்பிட்டு, "இங்க வந்து பாரு, இவன் கண்ணாடிப் பொட்டிக்குள்ள அடுப்பு வச்சிருக்கான்" என்றார்.

அன்று மனைவி கம்பளியை முகத்திலிருந்து தோளுக்கு இறக்கினாள். மறுநாள் மடிக்கு. அந்த வாரக் கடைசியில் கம்பளி நாற்காலியின் முதுகில் கிடந்தது. குச்சிகள் கிண்ணத்தில் விழும் சத்தம் தகரத்தில் எப்போதாவது விழும் மழைத்துளி போல 'டிக்... டிக்' என்று கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரிப்பாள். வாயால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டாள். "உங்க மாட்டுத்தொட்டிக்குத் தீனி வச்சாச்சா?" என்றுதான் கேட்பாள். ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது கண்ணாடி பளபளவென்று இருந்தது. ஈரத்துணியில் சாம்பலைத் தொட்டுத் துடைத்திருக்கிறாள். தீயின் அளவும் ஒரு படி குறைந்திருந்தது.

"நீயா குறைச்ச?"

"பாத்தேன். வீணாப் போகுது. இந்த ரூமுக்கு அவ்வளவு எதுக்கு?"

"புத்தகம் படிச்சியா?"

"தீயப் பாத்தா தெரியாதா? பொஸ்தகம் வேறயா அதுக்கு?"

அன்ரியும் சாயங்காலங்களில் வர ஆரம்பித்தார். பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தன் வீட்டிலிருந்தே தூக்கிக்கொண்டு வருவார். எங்கள் வீட்டு நாற்காலி தாழ்வு, முழங்கால் பிடிக்கும் என்பார். "புகையும் இல்லை, மணமும் இல்லை. நெருப்பு மட்டும் கிடக்கு. இவ்வளவு காலமும் பூச்சாடியை வைச்சுக்கொண்டு நான் குளிரிலை கிடந்தனான்" என்று தலையை ஆட்டுவார்.

அவர் கேட்டார் என்று ஒருநாள் நான் பெல்லட்டைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். எனக்கு விளக்கப் பிடிக்கும். ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு குச்சியைப் போட்டுக் காட்டினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஊதி, வெடித்து, தூளாகக் கரைந்தது.

"ஐயோ, கஞ்சியாய்ப் போச்சே" என்றார் அன்ரி.

"அதான் அன்ரி. தூளை அழுத்தி வச்சிருக்கிறதுதானே, ஈரம் பட்டா திரும்பத் தூளாயிரும். அப்புறம் எரியாது, உள்ள இருக்கிற திருகுல போய் அடைச்சுக்கும். இதுக்கு ஈரம் மட்டும் ஆகவே ஆகாது."

"ஓம் தம்பி. ஈரம் கூடாது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் மூட்டை எடுக்கப் போகும்போதெல்லாம் அன்ரி கண்ணில் பட்டால் அதையே சொன்னேன். கூரை ஒழுகுகிறதா பாருங்கள் அன்ரி. தண்ணிக்குழாயை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள் அன்ரி. "வாத்தியாரே, போதும். பரீட்சை வைக்கப் போறீங்களா அவங்களுக்கு?" என்று மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள்.

சிட்னி மட்டும் விடவில்லை. மதினி தினமும் அழைத்தார். "இங்க நான் ஸ்வெட்டரே எடுக்கலடி." "இங்க இன்னிக்கு என்ன வெயில் தெரியுமா?" கடைசியில் தானே வருவதாகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை வந்து ஞாயிறு இங்கே உள்ள கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புவது. "நேர்ல வந்து பாக்குறேன். நீ எப்படி இருக்கேன்னு எனக்குத் தெரியணும். கையோட முடிவு சொல்லிரு. திங்கக்கிழமை எங்க சென்டர்ல கேப்பாங்க."

போனை வைத்ததும் நான் மனைவியிடம் நேராகவே கேட்டேன். "உனக்கு என்ன தோணுது?"

அவள் ஹீட்டரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "தெரியலங்க. அக்கா சொன்னா எல்லாம் சரின்னுதான் தோணுது. அவ வரட்டும். அன்னிக்கு வீடு எப்படி இருக்குன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

வீடு எப்படி இருக்கும் என்பது என் கையில் இருக்கிறதே என்று எனக்குத் தெம்பு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கடைக்குப் போய் இருந்த மூட்டைகளை எல்லாம் ஏற்றிக்கொண்டேன். இனிச் செவ்வாய்க்கிழமைதான் லாரி வரும் என்றார் கடைக்காரர். பரவாயில்லை, எனக்குப் போதும் என்றேன். கூரைக்குக் கீழே சுவர்போல அடுக்கிவைத்து, அன்ரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எங்கடை பிள்ளையின்ரை அக்கா வாறாவாம் எண்டு கேள்விப்பட்டன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவோ வாறா?"

"பாக்கத்தான் வர்றாங்க அன்ரி. வீடு சூடா இருந்தா ஒருவேளை..."

"விளங்குது தம்பி. விளங்குது." அன்ரி மூட்டைச் சுவரை ஒருமுறை தட்டிக்கொடுத்தார்.

சனிக்கிழமை எனக்கு அரைநாள் வேலை. காலையில் ஹீட்டர் தொட்டியை நிரப்பி வைத்துவிட்டுக் கிளம்பினேன். அக்காவும் தங்கையும் வீட்டுக்குள் வரும் நேரம் பார்த்துப் பற்றவைக்கலாம் என்பது திட்டம். மனைவி ஏர்போர்ட்டுக்குப் போனாள். வானம் துடைத்துவைத்த மாதிரி நீலமாக இருந்தது. குளிர்காலத்தில் அப்படி ஒரு வெயில் அபூர்வம்.

பதினொரு மணிவாக்கில் கிடங்கின் பெரிய ஷட்டர் கதவுக்கு வெளியே பார்த்தேன். மேற்கே கறுத்துக்கொண்டு வந்து, சரம்சரமாக மழை இறங்கியது. உடன் வேலை செய்தவர் வெளியே காயப்போட்ட துணியை நினைத்துத் திட்டினார். நான் மட்டும் மனதுக்குள் கொண்டாடினேன். நல்ல குளிர் கிளம்பும். மதினி நடுங்கிக்கொண்டே வாசற்படி ஏறுவார். உள்ளே தீ எரியும். இதைவிட என்ன வேண்டும்?

வீட்டு முன்னால் காரை நிறுத்தினேன். அதற்குமேல் ஓட்டமுடியவில்லை. வாசலிலிருந்து கூரை வரைக்கும் கார் போகும் டிரைவ்வே முழுக்கப் பெட்ஷீட்டும் பழைய சேலையும் விரித்திருந்தது. அதன்மேல் கணுக்கால் உயரத்துக்குப் பழுப்பு நிறத்தில் ஏதோ பொங்கியிருந்தது. நடுவில் அன்ரி, ஒரு கையில் குடை, மறு கையில் சோற்றுக் கரண்டி. பக்கத்தில் பிளாஸ்டிக் பேசின். அதில் கொஞ்சம் அள்ளி வைத்திருந்தார்.

மூட்டைச் சுவர் இருந்த இடத்தில் வெற்றுப் பைகள் அழகாக மடித்து அடுக்கப்பட்டிருந்தன.

என்னைப் பார்த்ததும் அன்ரி கரண்டியைக் கீழே போட்டார்.

"தம்பி, நான் காய வைச்சனான்."

"எதை அன்ரி?"

"உந்தத் தீனை. காலமை மிளகாய் காயப் போடுவம் எண்டு வந்தனான். தூள் இடிக்க வேணும். வந்து பையைத் தொட்டுப் பாத்தால் சில்லெண்டு கிடக்கு. வெளியிலை தண்ணி அரும்பி நிக்குது. ஐயோ, ஈரம் பிடிச்சிட்டுது, இண்டைக்கு எண்டு பாத்து எரியாமல் விடப்போகுது எண்டு நினைச்சன். நீங்கள்தானே ஈரம் கூடாது, ஈரம் கூடாது எண்டு சொன்னனீங்கள். வெயிலும் நல்லாய் எறிச்சுது. மிளகாயை விட்டிட்டு உதைப் பரப்பினன்."

"எல்லா மூட்டையுமா?"

"ஒண்டும் விடேல்லை" என்றார் அன்ரி. அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பிறகு பொங்கிக் கிடந்ததைப் பார்த்தார். "குசினிக்குள்ளை நிண்டனான். அக்காவுக்கு எண்டு கத்தரிக்காய் பொரிச்சுக்கொண்டு. ரேடியோச் சத்தத்திலை மழை கேக்கேல்லை."

நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன். வெந்த ரவை மாதிரி வெதவெதவென்று விரலுக்குள் போயிற்று. கோபம் வரவில்லை. யார்மேல் வரும்? காலையிலிருந்து குனிந்து குனிந்து, ஒரு மூட்டை விடாமல் பிரித்து, குச்சி குச்சியாகப் பரப்பியிருக்கிறார். குளிர்காலத்தில் மெல்பர்னில் எதைத் தொட்டாலும் சில்லென்றுதான் இருக்கும் என்பதை என் பாடத்தில் நான் சேர்க்கவில்லை.

தீவனக் கடைக்குப் போன் போட்டேன். செவ்வாய்க்கிழமை என்றார்கள். தெரிந்த இன்னொரு கடை சனிக்கிழமை மத்தியானமே மூடிவிட்டது.

"என்னாலை பிள்ளை போயிடுமோ?" என்றார் அன்ரி மெதுவாக.

"அதெல்லாம் இல்ல அன்ரி" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

அதற்குள் டாக்ஸி வந்து நின்றது. முதலில் மதினி இறங்கினார். மெல்லிய காட்டன் சுடிதார், கையில் சக்கரப்பெட்டி. டிரைவ்வேயைப் பார்த்துவிட்டு, "என்னடி இது, வாசல்ல உப்புமா கிண்டி வச்சிருக்காங்க" என்றார்.

மனைவி பின்னால் வந்தாள். பழுப்பாகப் பொங்கியதைப் பார்த்தாள். மடித்து வைத்த பைகளைப் பார்த்தாள். அன்ரியின் பேசினையும் கரண்டியையும் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நடுவாசலில் நின்று சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்காமல் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டாள். "பரீட்சை வைங்க வாத்தியாரே, பரீட்சை வைங்க" என்று சிரிப்பினூடே சொன்னாள். அன்ரிக்கும் உதடு கோணியது. அவரும் சிரித்துவிட்டார்.

மதினி சிரிக்கவில்லை. வீட்டுக்குள் வந்து காலுறையோடு தரையில் நடந்து பார்த்தார், ஜன்னல் ஓரத்தில் கையை வைத்துப் பார்த்தார். திரைச்சீலை மரியாதையாக ஆடிக் காட்டியது.

"இதுக்குத்தான் சொன்னேன். ஒரு பொட்டிய வச்சுக்கிட்டு, அதுக்கு ஒரு தீவனம், அது நனைஞ்சா போச்சு, லாரி வந்தாத்தான் உண்டு. அந்தம்மாவுக்கும் கூறு வேணாமா? மழைக்காலத்துல எவளாவது..."

"அன்ரிய ஒண்ணும் சொல்லாதக்கா" என்றாள் மனைவி. குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "அவங்க எனக்காகத்தான் பரப்புனாங்க. நீ வந்து பாக்குறப்ப எரியணும்னு."

"சரி, சொல்லல. ஆனா பொட்டி பொட்டிதானே. ஒரு சுவிட்ச் போட்டா ஓடுற ஹீட்டர் வாங்க மாட்டாங்களாமா உன் வீட்டுக்காரர்?"

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"பொட்டின்னு சொல்லாத. இங்க வந்து உக்காரு. மேல தொட்டியில காலையில நெறச்சது இருக்கு, இன்னிக்குப் பொழுதுக்குப் போதும்." ஹீட்டர் முன்னால் மண்டியிட்டுக் கதவைத் திறந்தாள். கிண்ணத்தை வெளியே எடுத்துத் தட்டினாள். "இதுல ஓட்டை அடைச்சிருந்தா காத்துப் போகாது, தீ சோம்பேறியா எரியும். அதனால தினம் தட்டணும். இதோ இந்தக் கம்பிதான் சூடாகிப் பத்தவைக்கும். கொஞ்ச நேரம் ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும், அவசரப்பட்டுத் திரும்ப அமுக்கக் கூடாது. தீ நல்லா நின்னதும் ஒரு படி குறைச்சிரணும். மரத்தூள்தானக்கா, ஆலையில சும்மா கிடக்கிறது. அத எரிச்சு வீட்டச் சூடு பண்றாங்க. புகையே இல்ல பாரு."

நான் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றேன். மாட்டுத்தொட்டி என்ற பேச்சே இல்லை. புத்தகத்தில் இருந்ததெல்லாம் வந்தது, இல்லாததும் வந்தது. தீ சோம்பேறியாக எரியும் என்று அச்சில் எங்கேயும் கிடையாது.

தீ எழுந்தது. மதினி கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். பிறகு கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். காலை நீட்டினார். அன்ரி கத்தரிக்காய்ப் பொரியலும் தேங்காய்ப்பால் சொதியும் சோறும் கொண்டுவந்து வைத்துவிட்டு, உட்காரச் சொன்னால் உட்காராமல், "சாப்பிடுங்கோ, நான் போட்டு வாறன்" என்று போய்விட்டார். நாங்கள் தீயின் முன்னாலேயே தட்டை வைத்துச் சாப்பிட்டோம். பயணக் களைப்பில் மதினி கம்பளத்தில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். மனைவியும் நானும் சத்தமில்லாமல் வெளியே போய் டிரைவ்வேயைச் சுரண்டினோம். அள்ள அள்ள வந்தது. அன்ரியின் எலுமிச்சை மரத்தடியில் கொட்டினோம். பாதி வேலையில் அவள் நிமிர்ந்து, "ஒண்ணும் விடேல்லை" என்று அன்ரி மாதிரியே சொல்லிக் காட்டினாள். எப்படிக் கேட்டிருப்பாள் என்று தெரியவில்லை. அன்ரி அவளிடமும் சொல்லியிருக்க வேண்டும்.

இருட்டும் நேரத்துக்கு உள்ளே வந்தோம். மதினி எழுந்து உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'டிக்' சத்தம் இடைவெளி விட்டுக் கேட்டது. இன்னும் இடைவெளி. தீ குட்டையானது, நீலமானது, ஒரு புள்ளியாக நின்று அணைந்தது. விசிறி மட்டும் ஓடியது.

"முடிஞ்சிருச்சா?" என்றார் மதினி.

"முடிஞ்சிருச்சு" என்றாள் மனைவி.

"நாளைக்கு என்ன பண்ணுவ?"

"ரெண்டு ஸ்வெட்டர் போடுவேன்."

"செவ்வாய்க்கிழமை வரைக்கும்?"

"லாரி லேட்டா வந்தா புதன்கிழமை வரைக்கும்."

மதினி அவள் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "எங்கூட வாடி. சில்லுன்னு இருக்கு பாரு உன் கை."

"நான் வரலக்கா."

நான் சாம்பல் தட்டை எடுக்கக் குனிந்தவன் குனிந்தபடியே நின்றேன்.

"குளிர்தானடி உனக்குப் பிரச்சன? தினம் போன்ல அதத்தான சொன்ன?"

"குளிருதுதான். நான் இல்லன்னு சொல்லல." அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள். "அங்க வந்தா நான் உன் தங்கச்சி. எந்தத் தட்டு எங்க இருக்கணும்னு உன்னைத்தான் கேப்பேன். நீயும் சொல்லுவ, நல்லாத்தான் சொல்லுவ. இங்க எல்லாத்தையும் நானே தப்புத் தப்பாப் பண்ணி வச்சிருக்கேன். இந்தத் தீ எவ்வளவு எரியணும்னு நான்தான் வைக்கிறேன். இவரு மாத்தி வச்சாலும் நான் திரும்ப மாத்திருவேன். அது எனக்குப் பிடிச்சிருக்கு."

மதினி அவள் கையை விட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க மாப்ள?"

"நான் ஒண்ணும் சொல்லல மதினி."

"சொல்ல வேணாம். மூஞ்சி சொல்லுது." அவர் பெருமூச்சு விட்டுத் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டார். "திங்கக்கிழமை நான் அவங்களுக்குச் சொல்லிக்கிறேன். நல்ல ஸ்வெட்டரா ஒண்ணு எடுத்துக் குடுடி. உன் வைராக்கியத்துக்கு நான் ஏன் விறைக்கணும்?"

வெளியே சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். அன்ரி தன் படுக்கையறையில் இருக்கும் கரண்ட் ஹீட்டரை டிரைவ்வே வழியாக உருட்டிக்கொண்டு வந்திருந்தார். கோட்டுக்கு மேல் சால்வை, தலையில் கம்பளித் தொப்பி. வயர் பின்னால் தரையில் இழுபட்டு வந்தது. படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை போறாவோ?"

"இல்ல அன்ரி" என்றாள் மனைவி உள்ளேயிருந்து. "இங்கதான் இருக்கேன்."

"அப்ப நல்லது" என்றார் அன்ரி. "உதை எங்கை செருகிறது?"

மதினிதான் எழுந்து வந்து வயரை வாங்கிச் செருகினார்.